தொட்டியில் வெள்ளைப் புழு: எல்லாவற்றையும் கொட்டிக் கழுவ வேண்டுமா?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். வீட்டு ஹாலில் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. கப்பி, பிளாட்டி, ஒரு மஞ்சள் ஆப்பிள் நத்தை, அப்புறம் மகள் அடம்பிடித்து வாங்கிய சிவப்பு செர்ரி இறால்கள். அடியில் பொடிக் கல், அதில் வாலிஸ்னேரியா செடி, ஒரு மரக்கட்டையில் ஜாவா மாஸ் என்கிற பாசிச் செடி. டாப் ஃபில்டர்தான் ஓடுகிறது. தண்ணீர் போர் தண்ணீர். வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இதுவரை பெரிய தொந்தரவு எதுவும் இல்லை.

போன வாரம் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போய் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் பார்த்தால் தொட்டித் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக முடி மாதிரிப் புழுக்கள் நெளிகின்றன. ஒன்று இரண்டு இல்லை, எண்ண முடியாத அளவு. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சில, நடுத் தண்ணீரில் துடித்துக்கொண்டு சில. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரண்ட் வந்து ஃபில்டர் ஓடி மத்தியானத்துக்குள் மீன்கள் சரியாகிவிட்டன, புழுவும் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. ஆனால் கல்லும் கண்ணாடியும் சேரும் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது.

மீன் கடையில் கேட்டேன். எல்லாவற்றையும் கொட்டி, கல்லை வெந்நீரில் அலசி, தொட்டியை வெயிலில் காயவைத்துப் புதிதாக ஆரம்பியுங்கள் என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிடி கல் உப்பு போடு என்கிறார். வீட்டுக்காரர், தொட்டியையே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். மகள் அழுகிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியது: இது மீன் வயிற்றிலிருந்து வந்ததா? மகள் அடிக்கடி தொட்டிக்குள் கையை விடுவாள், அவளுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமா? நிஜமாகவே எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டுமா?

கப்பி பித்தன்:

மெத்திலீன் ப்ளூ பத்து சொட்டு விடுங்க அக்கா. ரெண்டு நாள் லைட் போடாதீங்க. க்ளியர் ஆகிடும்.

மொட்டைமாடித் தொட்டி:

சகோதரி, முதலில் எதையும் ஊற்றாதீர்கள். நீலமும் வேண்டாம், உப்பும் வேண்டாம். தம்பி கப்பி பித்தன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மெத்திலீன் ப்ளூ என்னிடமும் இருக்கிறது, முட்டையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தனி டப்பாவில் பயன்படுத்துவேன். அதை ஓடுகிற தொட்டியில் விட்டால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா அடிவாங்கும், மூலையில் பூசிய சிலிக்கான் நீலமாகிவிடும், புழு பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும்.

நான் சென்னை கொளத்தூரில் மொட்டைமாடியில் கப்பி வளர்த்து விற்கிறவன். "தொட்டியில் புழு" என்று வாரத்துக்கு ஒருவராவது ஃபோன் செய்வார்கள். நிறம், நீளம் எல்லாம் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: அது எப்படி நகர்கிறது? மருந்து வாங்கப் போவதற்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். நகர்வதை வைத்தே பெரும்பாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

நீங்கள் சொல்வது, தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து துடிக்கிற வெள்ளை முடி. மண்புழுவின் தூரத்துச் சொந்தம் அது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வளையங்கள் உடம்பு முழுக்க இருக்கும். மீன் வயிற்றில் வாழ்கிற புழு இல்லை. கல்லுக்கு அடியில் சேரும் கழிவையும் மட்கிய இலையையும் தின்று அங்கேயே குடும்பம் நடத்துகிறது. உங்கள் தொட்டியில் போன வாரம் வந்ததும் இல்லை. பெரும்பாலும் செடியோடு முதல் நாளே வந்திருக்கும். ஒரு வருஷமாக அடியில் இருந்ததை இப்போதுதான் பார்க்கிறீர்கள்.

ஏன் அன்று மட்டும் மேலே வந்தது? கரண்ட் போனதால்தான். தண்ணீர் சூடேற ஏற அதில் ஆக்சிஜன் கரைவது குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் தாங்கும், 32 டிகிரியில் சுமார் 7.3தான். ஃபில்டர் ஓடினால் மேற்பரப்பு கலங்கிக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அது நின்ற ராத்திரியில் மீனும் நத்தையும் சுவாசிக்கின்றன. வெளிச்சம் இல்லாததால் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கிறது. எல்லோரையும் விட அதிகமாக, கல்லிடுக்கில் அழுகும் கழிவும் அதைத் தின்கிற பாக்டீரியாவும் எடுத்துக்கொள்கின்றன. முதலில் மூச்சுத் திணறுவது அடிக்கல்தான். அங்கிருந்த புழு தப்பித்து மேலே வந்தது, மீன் அதற்கும் மேலே வந்தது. இரண்டுக்கும் ஒரே காரணம், புழு வந்ததால் மீன் திணறவில்லை.

அதனால் முதலில் வாங்க வேண்டியது மருந்து இல்லை, சார்ஜ் ஏறும் ஏர் பம்ப். கரண்ட் போனால் தானாக ஓட ஆரம்பிக்கிற வகை மீன் கடைகளிலேயே கிடைக்கிறது.

அடுத்து, கொட்டிக் கழுவுகிற யோசனை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும்தான் ஒட்டி வாழ்கிறது. கல்லை வெந்நீரில் அலசினால் அது போய்விடும். அதே மீன்களைச் சுத்தமான புதுத் தண்ணீரில் விடுவீர்கள், சில நாளில் அம்மோனியா ஏறி ஒவ்வொன்றாகப் போகும். புழுவைக் கொல்லப் போய் மீனைக் கொன்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏதாவது மருந்தால் அத்தனை புழுவையும் ஒரே நாளில் சாகடித்தாலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கில் பிணம் கல்லுக்குள் அழுகும்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பிடி உப்புக்கு இந்தப் புழு அசையாது. புழு சாகிற அளவுக்குப் போட்டால் நத்தை முதலில் போகும்.

செய்ய வேண்டியது சைஃபன். ஒரு முனையில் அகலமான குழாய் வைத்த சைஃபன் ட்யூப் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், கையால் அமுக்குகிற பம்ப் வைத்ததே வருகிறது. அகலக் குழாயைக் கல்லுக்குள் அடிவரை குத்தி இறக்குங்கள். கல் குழாய்க்குள் எழும்பிச் சுழலும், பழுப்புத் தண்ணீரும் அதோடு புழுவும் வெளியே வாளிக்குப் போகும். தண்ணீர் தெளிந்ததும் ட்யூபை விரலால் லேசாக அழுத்தினால் கல் கீழே விழும், குழாயை எடுத்து அடுத்த இடத்தில் குத்துங்கள். ஒரே தடவையில் முழுத் தரையையும் செய்யாதீர்கள். இந்த வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. செடி வேர் இருக்கிற இடத்தில் மேலாகப் போனால் போதும். ஒவ்வொரு தடவையும் கால் பங்கு தண்ணீர் போகும், அதே அளவு போர் தண்ணீரைப் பிடித்து வைத்து, தொட்டிச் சூட்டுக்கு வந்ததும் மெதுவாக ஊற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்காமல், வாளியில் எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

மகளைப் பற்றிப் பயம் வேண்டாம். இந்தப் புழு மனித உடம்பில் வாழாது. ஆனால் கையில் வெட்டுக்காயம், சிராய்ப்பு இருந்தால் எந்த மீன் தொட்டியிலும் கை விட வேண்டாம். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி தொட்டித் தண்ணீரில் இருக்கலாம், காயம் வழியாகப் போனால் ஆறாத புண் வரும். காயம் இல்லாவிட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இவ்வளவும் நீங்கள் சொன்ன வெள்ளை முடிக்கு. ஆனால் தொட்டியில் ஒரே ஒரு வகைதான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இன்று ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் விட்டு, ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். கண்ணாடி மேல் துடிக்காமல், நெளியாமல், அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறதா? தலை முக்கோணமாக இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், அது வேறு விஷயம். இரண்டு முனையாலும் மாறி மாறி ஒட்டி, முதுகைத் தூக்கி நடந்தால் குட்டி அட்டை. ரத்தச் சிவப்பாக எட்டுப் போட்டுத் துள்ளினால் அது புழுவே இல்லை, கடிக்காத ஒரு பூச்சி தண்ணீரில் இட்ட முட்டையிலிருந்து வந்த குடம்பி (லார்வா). கப்பி அதை நொடியில் தின்றுவிடும், கொண்டாடலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. தீனி யார் போடுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அடியில் நெளிகிற கூட்டம் நீங்கள் போடுகிற தீனிக்குப் பற்று வரவு நோட்டு. மிச்சம் விழாமல் அத்தனை புழு பெருகாது.

வைகைக்கரை:

அண்ணே, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் போல!

வெள்ளை முடி ஓரத்தில் இருக்கிறது. ஆனால் கண்ணாடியில் வேறு ஒன்றும் ஊர்கிறது. பழுப்பு நிறம், தட்டை, முக்கால் சென்டிமீட்டர் இருக்கும். நெளியவே இல்லை, கண்ணாடியில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி நேராகப் போகிறது. மகளின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், தலை முக்கோணம்தான். அதில் இரண்டு புள்ளி, மாறுகண் மாதிரி நம்மையே பார்க்கிறது. ஐந்தாறு எண்ணினேன். ஒன்றைக் குச்சியால் தொட்டதும் சுருங்கி உருண்டையாகிவிட்டது.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. இறால்கள் முன்பு நிறையக் குட்டி போடும். கொஞ்ச நாளாகக் குட்டியே கண்ணில் படுவதில்லை. கப்பி தின்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தீனி விஷயம். நான் காலையில் ஒரு சிட்டிகை, மகள் சாயந்திரம் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான் என்று எழுத வந்தேன். அதற்குள் மாமாவிடம் (என் மாமனார்) எதற்கும் கேட்டுப் பார்ப்போமே என்று கேட்டேன். அவர் விடியற்காலை எழுந்து காபி குடிக்கிற நேரத்தில் மீனுக்கும் போடுகிறாராம். "பாவம் ராத்திரி பூரா பட்டினியா கிடக்குதுகள்ல" என்றார். டப்பாத் தீனி மட்டும் இல்லை, சில நாள் இட்லியைப் பொடித்துப் போடுகிறார். மத்தியானம் டிவி பார்க்கும்போது மீன் கண்ணாடிப் பக்கம் வந்தால் அதற்கும் கொஞ்சம். அவருக்கு எண்பது வயது ஆகப் போகிறது. மீன் தொட்டிதான் அவருக்கு இப்போது பொழுதுபோக்கு. போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

உப்பாறு:

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன், இப்போது வேறு வேலை. நீங்கள் பார்த்தது பிளனேரியா, தட்டைப்புழு. மீனை ஒன்றும் செய்யாது. இறால் குட்டிகளை, தோல் உரித்துச் சோர்ந்து கிடக்கிற இறாலை, முட்டையை எல்லாம் தின்னும். இறால் குட்டி காணாமல் போவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கப்பியும் யோக்கியன் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியில் பார்த்ததும் நசுக்கவோ வெட்டவோ வேண்டாம். தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1898 வாக்கில் பிளனேரியாவைத் துண்டு துண்டாக வெட்டி ஆராய்ந்தார். உடம்பில் 279ல் ஒரு பங்கு இருந்த துண்டுகூட முழுப் புழுவாக வளர்ந்தது என்று கண்டார். பிறகு அவர் பழ ஈக்குப் போய் 1933ல் நோபல் பரிசு வாங்கிவிட்டார், பிளனேரியாவை நமக்கு விட்டுவிட்டார்.

முதலில் பொறி வையுங்கள். மூடியுள்ள சின்ன மருந்து பாட்டிலை நன்றாகக் கழுவி, பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நாலைந்து ஓட்டை போடுங்கள். இறால் நுழைய முடியாத அளவு முக்கியம். உள்ளே பச்சைக் கோழிக்கறி சின்னத் துண்டு, கொழுப்பு இல்லாமல். விளக்கை அணைத்தபின் கல் மேல் படுக்க வைத்து இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் தின்று முடித்து வெளியே போய்விடும், கறியும் அழுகும். தினமும் ராத்திரி வைத்து வந்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். பொறி மட்டும் வைத்து முழுதாக ஒழித்தவர்கள் குறைவு, ஆனால் இறால் குட்டி பிழைக்கிற அளவுக்குக் கட்டுப்படுத்தலாம்.

அடியோடு ஒழிக்க வேண்டும் என்றால் ஃபென்பெண்டசோல். நாய்க்குக் குடற்புழு நீக்கக் கொடுப்பது, கால்நடை மருந்துக் கடையில் 150 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும். இறால் வளர்ப்பவர்கள் லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கணக்கில் போடுகிறார்கள். உங்கள் தொட்டி விளிம்புவரை சுமார் 56 லிட்டர், கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 27 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. தண்ணீரில் எளிதில் கரையாது, பொடித்து ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். மீனும் செர்ரி இறாலும் இந்த அளவைத் தாங்கும். நத்தை தாங்காது. ஆப்பிள் நத்தை, நெரைட் நத்தை இரண்டுக்கும் ஆபத்து. மருந்து கல்லிலும் மரக்கட்டையிலும் நெடுநாள் தங்கிவிடும் என்பதால் நத்தையை வெளியே எடுத்து ஒரு வாரம் கழித்துத் திருப்பி விடுகிற கதையெல்லாம் நடக்காது.

வெள்ளைப் புழுவும் இந்த மருந்துக்குச் சாகக்கூடும். அதனால் மொட்டைமாடி அண்ணன் சொன்ன சைஃபனை முதலில் சில வாரம் செய்து அடியைச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முட்டைக்கூட்டை மருந்து தொடாது. குண்டூசித் தலை அளவில் பழுப்பு உருண்டை, காம்போடு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

அயிரை:

இவ்வளவு எதற்கு? மதுரையில் இருந்துகொண்டு மருந்துக் கடைக்கு ஏன் போகிறீர்கள்? மார்க்கெட்டில் உயிரோடு அயிரை விற்கிறார்களே. நாலு வாங்கித் தொட்டியில் விடுங்கள். மணலுக்குள் மூக்கை விட்டுச் சலித்துத் தின்னும், இந்த வெள்ளைப் புழு எல்லாம் அதற்கு விருந்து. என் தொட்டியில் விட்டேன், இப்போது தேடினாலும் புழு இல்லை. மீதியைக் குழம்பு வைத்துவிடலாம்.

கப்பி பித்தன்:

பாக்கு போட்டால் பிளனேரியா சாகும் என்று எங்கேயோ படித்தேன். வெளிநாட்டில் பிளனேரியாவுக்கு விற்கிற ஒரு மருந்தே பாக்கிலிருந்துதான் எடுக்கிறார்களாம். வீட்டில் வெற்றிலைத் தட்டில் இருக்கிற கொட்டைப்பாக்கைப் போடலாமா?

அப்புறம் மெத்திலீன் ப்ளூ விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு என் தொட்டியையும் உற்றுப் பார்த்தேன். ஒரு பெண் கப்பிக்குப் பின்பக்கத் துளையிலிருந்து சிவப்பாக மூன்று நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மீன் நகராமல் நின்றால் வெளியே வருகிறது, நீந்தினால் உள்ளே போய்விடுகிறது. கழிவு என்று நினைத்திருந்தேன். அதுவும் புழுவா?

உப்பாறு:

பாக்கில் இருக்கிற அரெகோலின் புழுவைத் தாக்கும் என்பது உண்மை. ஒரு காலத்தில் நாய்களுக்கு நாடாப்புழு எடுக்க மருத்துவர்களே கொடுத்த பொருள். ஆனால் உங்கள் வெற்றிலைத் தட்டில் இருக்கிற பாக்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தண்ணீரில் இறங்கும் என்று யார் அளப்பது? அளவு தெரியாத மருந்தைத் தொட்டியில் போடாதீர்கள். வாசனைப் பாக்கு என்றால் பேச்சுக்கே இடமில்லை.

தம்பி, உங்கள் கப்பிதான் இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேஸ். துளையில் நீட்டுகிற சிவப்பு நூல் பெரும்பாலும் கமலேனஸ். 1927ல் ஜப்பானில் ஃபுஜிதா என்பவர் பெயரிட்ட கமலேனஸ் காட்டி என்ற உருளைப்புழு, குட்டி போடும் மீன்களை, அதிலும் கப்பியை, அதிகம் பிடிக்கும். குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும், அதனால்தான் அந்தச் சிவப்பு. இது முட்டையிடாது, உயிருள்ள குட்டியாகவே வெளியே விடும். வழக்கமாக சைக்ளாப்ஸ் என்ற பொடி நீர்ப்பூச்சி வழியாகப் பரவினாலும், தொட்டிக்குள் அது இல்லாமலேயே நேராக மீனுக்கு மீன் போகும். ஒரு மீனில் தெரிந்தால் தொட்டி முழுவதும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இடுக்கி வைத்து இழுக்காதீர்கள், குடல் கிழியும். மீன் கடையில் புழு மருந்து என்று ப்ராசிக்வான்டெல் கொடுத்தால் வாங்காதீர்கள். அது நாடாப்புழுவுக்கும் செவுளில் வரும் தட்டைப்புழுவுக்கும், உருளைப்புழுவுக்கு உதவாது. இதற்கு லெவமிசோல். லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி. மருந்து புழுவைக் கொல்வதில்லை, மரத்துப் போக வைக்கும். பிடி விட்டுப் புழு கீழே விழும். அதை மீன் தின்பதற்குள் அடியைச் சைஃபன் செய்து பாதிக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. அதுவரை அந்தத் தொட்டியின் வலை, ட்யூப் எதையும் வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், மீனும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பக்கத்தில் கால்நடை மருத்துவர் இருந்தால் சீட்டு வாங்கியே மருந்தை வாங்குங்கள்.

மொட்டைமாடித் தொட்டி:

உப்பாறு தம்பி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. அயிரைக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை. யோசனை நல்ல யோசனைதான், அயிரை அடியைக் கிளறித் தின்கிற மீன். ஆனால் கண்மாயில் பிடித்து அண்டாவில் அடைத்து வருகிற மீன் எதைச் சுமந்து வருகிறது என்று தெரியாது. ஒரு மாதம் தனி வாளியில் ஏர் விட்டு வைத்திருந்து பார்த்தபிறகு விடுவதானால் சரி. பிறகு அது மணலில் வாழும் மீன், கூர்மையான பொடிக் கல்லில் மூக்கு தேய்ந்து புண்ணாகும். புழுவைக் குறைக்கும், ஆனால் மிச்சத் தீனியைக் குறைக்காது. பிளனேரியாவைத் தொடுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. அதன் தோல் வழவழப்பு பல மீன்களுக்குப் பிடிப்பதில்லை, வாயில் போட்டுத் துப்பிவிடும்.

சகோதரி, உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தொட்டிக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. போடாதீர்கள் என்று சொல்ல வேண்டாம். தீனிப் பொறுப்பை முழுக்க அவரிடமே கொடுத்துவிடுங்கள். நீங்களும் மகளும் நிறுத்துங்கள். வார மாத்திரை போட்டு வைக்கிற ஏழு அறை டப்பா அவரிடமே ஒன்று இருக்கும், அதே மாதிரி இன்னொன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் அன்றைய தீனியை அளந்து போட்டுக் கொடுங்கள். உங்கள் தொட்டிக்கு ஒரு நாளைக்கு, இரண்டு நிமிஷத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவு இரண்டு தடவை. அதைக் காலையில் பாதி, சாயந்திரம் பாதி போடுவாரா, ஐந்து தடவையாகப் பிரித்துப் போடுவாரா என்பது அவர் இஷ்டம். சொல்லப்போனால் கப்பிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுவதே நல்லது. டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலியாகவே விடுங்கள், வாரத்தில் ஒரு நாள் பட்டினி மீனுக்கு ஒன்றும் செய்யாது. அன்றைக்கு அவருக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது, சைஃபன் வாளியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இட்லி மட்டும் கூடவே கூடாது. மாவுப்பொருள் கரைந்து கல்லிடுக்கில் இறங்கிப் புளிக்கும். வேக வைத்த பச்சைப் பட்டாணியைத் தோல் உரித்து நசுக்கி வாரத்தில் ஒரு நாள் போடலாம் என்று சொல்லுங்கள், தன் கையால் செய்து போட்ட திருப்தி அவருக்கு இருக்கும்.

வைகைக்கரை:

தாமதமாக எழுதுகிறேன், மகளுக்குப் பரீட்சை.

சைஃபன் இரண்டு பாதியும் முடித்தேன். முதல் வாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் "இதுலயா மீன் இருந்துச்சு" என்றார். வெள்ளைப் புழு இன்னும் இருக்கிறது, ஆனால் தேடினால்தான் தெரிகிறது. இடையில் ஒருநாள் கரண்ட் போனது, ஏர் பம்ப் ஓடியது, ஒன்றும் மேலே வரவில்லை.

பொறியில் முதல் ராத்திரி கிடைத்ததை எண்ணவில்லை, கறித்துண்டே தெரியாத அளவு மொய்த்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கொட்டினேன். இப்போது வைத்தால் ஒன்றிரண்டுதான். மருந்து போடுவதாக இல்லை. நத்தையைக் கைவிட மகள் சம்மதிக்கவில்லை.

மாமாவுக்கு ஏழு அறை டப்பா பிடித்துப் போய்விட்டது. ஆனால் சனிக்கிழமை தீனியில் பாதியை எடுத்து ஞாயிறு அறையில் போட்டு வைத்திருக்கிறார், நேற்றுத்தான் கண்டுபிடித்தேன்.

கேட்க வேண்டியது ஒன்று. ஜாவா மாஸுக்குள் பிளனேரியா ஒளிந்திருக்குமோ என்று சந்தேகம். அதை எடுத்துப் படிகாரத் தண்ணீரில் முக்கலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?

உப்பாறு:

மாஸ் சந்தையில் மலிவுதான், ஆனால் இறால் குட்டி ஒளிய வேறு இடம் இல்லை என்றால் எடுக்காதீர்கள். பொறியை மாஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், வெளியே வந்துவிடும். இனி வாங்குகிற செடியை மட்டும் தொட்டிக்குள் விடுவதற்கு முன்னால் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்து, ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விடுங்கள். படிகாரம் நத்தைக்குட்டிகளைக் கொல்லும், பிளனேரியா முட்டைக்கூட்டுக்கு அதை நம்ப முடியாது.

மொட்டைமாடித் தொட்டி:

சனிக்கிழமைத் தீனியைத்தானே ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்? மொத்தக் கணக்கு கூடவில்லை. விட்டுவிடுங்கள்.

கப்பி பித்தன்:

லெவமிசோல் முதல் சுற்று முடிந்தது. அடியில் சிவப்பு நூல் நிறைய விழுந்தது. அந்தப் பெண் கப்பி பிழைக்கவில்லை, மற்றது எல்லாம் தின்கின்றன. இரண்டாம் சுற்றுக்கும் அதே அளவுதானா, கூட்ட வேண்டுமா?

உப்பாறு:

அதே அளவு. கூட்டாதீர்கள். காற்றுக் குமிழி விடுகிற ஏர் கல்லை மட்டும் வேகமாக ஓட விடுங்கள்.